தீரு நகரத்துக் கல்

அண்ணன் வீட்டு வாசலுக்கு மேலே பதித்திருந்த கருங்கல்லுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தது நான்தான். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகப் போய், நான்தான் எடுத்துக் கொடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் எவரும் வந்து உனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்க வேண்டாம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வீடு கட்டி முடித்தால் நிலைக்கு மேலே ஒரு வேத வசனத்தைக் கல்லில் செதுக்கிப் பதிப்போம். வசனத்துக்குக் கீழே அது வேதத்தின் எந்தப் புத்தகம், எத்தனையாவது அதிகாரம், எத்தனையாவது வசனம் என்று சின்ன எழுத்தில் இருக்கும். திண்டுக்கல்லில் கிறிஸ்தவர்கள் இருக்கிற எந்தத் தெருவில் நடந்தாலும் அதே நாலைந்து வசனங்கள்தான் திரும்பத் திரும்ப வரும். எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். வேதம் அம்புட்டுப் பெரிய புத்தகம், அதில் இந்த நாலுதானா கிடைத்தது என்று நினைப்பேன்.

அதுவும் அண்ணன் கட்டியது லேசுப்பட்ட வீடா? தொண்ணூறுகளின் நடுவில் அவனுடைய மோட்டார் பம்ப்செட் கடை கொடிகட்டிப் பறந்தது. எரியோடு, வேடசந்தூர், செம்பட்டி என்று சுற்றுப்பட்டு ஊரெல்லாம் போர்வெல் போட்ட காலம். போர் போட்டவன் எல்லாம் மோட்டாருக்கு அண்ணன் கடைக்குத்தான் வருவான். மழை பெய்தால் வெள்ளாமைக்கு மோட்டார், பெய்யாவிட்டால் கூட ரெண்டு போர் போட்டு அதுக்கு மோட்டார். "மழை பெஞ்சாலும் எனக்கு யாவாரம், பெய்யாட்டியும் எனக்கு யாவாரம்" என்று கல்லாவில் உட்கார்ந்துகொண்டு வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்வான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பெருமையாகச் சிரித்திருக்கிறேன்.

வீட்டுக்கு பர்மா தேக்கில் கதவு. காரைக்குடிப் பக்கமிருந்து பழைய தூண்கள். தரைக்கு ராஜஸ்தான் கல். யார் வந்தாலும் அண்ணன் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி, இது எந்த ஊரிலிருந்து வந்தது என்று சொல்லாமல் அனுப்ப மாட்டான். அவன் விட்டதை நான் சொல்லி முடிப்பேன்.

நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஆனால் எங்கள் சபையில் என்னை எல்லோருக்கும் தெரிந்தது வேதபாடம் வாசிக்கிறவளாகத்தான். எனக்கு மைக்கே வேண்டாம், கடைசி பெஞ்சு வரைக்கும் கணீரென்று கேட்கும். மற்றவர்கள் வாசிக்கும்போது ஒரு சொல் தடுக்கினால்கூட என் முகம் சுளித்துக்கொள்ளும். ஆராதனை முடிந்ததும் அவர்களிடமே போய், "வீட்டுல ஒருதரம் படிச்சுட்டு வரப்படாதா?" என்று கேட்டுவிடுவேன். ரெண்டு மூன்று பேர் அதனாலேயே வாசிக்க வருவதை நிறுத்திவிட்டார்கள். நல்லதாப் போச்சு என்று இருந்தேன்.

அண்ணன் வீட்டுக்கு, வேறு எந்த வாசலிலும் இல்லாத வசனமாக இருக்க வேண்டும் என்று தேடினேன். என்னிடம் ஒரு தடிப் புத்தகம் உண்டு. எந்தச் சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று அகரவரிசையில் போட்டிருக்கும். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே பாதி வரி மட்டும் இருக்கும், பக்கத்தில் அதிகார எண். அதில் 'கட்டினவர்கள்' என்ற சொல்லுக்குக் கீழே விரலை ஓட்டிக்கொண்டு வந்தேன். உன்னைக் கட்டினவர்கள் உன்னைக் குறையில்லாத அழகோடு கட்டினார்கள் என்ற பொருளில் ஒரு பாதி வரி. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. கர்த்தரே எடுத்துக் கையில் கொடுத்தமாதிரி இருந்தது. ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் அந்த வரியை எழுதி, அதிகாரமும் வசன எண்ணும் போட்டு, அன்றைக்குச் சாயங்காலமே அண்ணனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்த அதிகாரத்தை நான் திறந்து பார்க்கவில்லை. இன்றைக்கு இதை எழுதும்போதும் கை கூசுகிறது. எழுந்து போய் வேதத்தை எடுத்துப் புரட்ட ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். எனக்குத் தெரியாத அதிகாரமா என்ற நினைப்பு.

வீடு பிரதிஷ்டைக்கு இரண்டு நாள் முன்னால் கல் வந்தது. நல்ல மெருகு, எழுத்துக்கெல்லாம் பொன் வர்ணம். ஆனால் வசனத்துக்குக் கீழே மொட்டையாக இருந்தது. அதிகாரமும் இல்லை, எண்ணும் இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"எண்ணு எங்கண்ணே? இது வேத வசனம்னு எவனுக்குத் தெரியும்? கடை விளம்பரம் மாதிரி இருக்கு."

"எடம் பத்தலத்தா. பாக்க அழகாத்தான இருக்கு, விடு."

இடம் பத்தவில்லையாம். அடியில் ஒரு சாண் காலியாகக் கிடந்தது. கல் செதுக்குகிறவர் எழுத்துக்கு எழுத்துக் கூலி வாங்குவார் என்று எனக்குத் தெரியும். பர்மா தேக்குக்கு அள்ளி இறைத்தவன் கர்த்தருடைய வசனத்துக்கு பத்து எழுத்தை மிச்சம் பிடித்துவிட்டான் என்று அன்றைக்கே சொன்னேன். அத்தோடு விட்டேனா? அதற்கப்புறம் விசேஷ வீடுகளிலெல்லாம் சொன்னேன். அவன் மகளின் நிச்சயதார்த்தத்தில், சம்பந்தி வீட்டார் கல்லை அண்ணாந்து பார்த்தபோது, "வசனம் நான் குடுத்தது, கஞ்சத்தனம் அவன் குடுத்தது" என்று சொல்லிச் சிரிக்க வைத்தேன். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரித்தான்.

பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம் இல்லை, அடுத்தடுத்து. இரண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷத்தில் எரியோட்டுப் பக்கம் எம்புட்டு ஆழம் போனாலும் புழுதிதான் வந்தது. தண்ணியே இல்லாத குழிக்கு எவன் மோட்டார் வாங்குவான்? மோட்டார் வாங்கினவர்கள் அதைக் குழியிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு, திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கடை வாசலில் வந்து நின்றார்கள். பெய்யாட்டியும் யாவாரம் என்று சொன்ன வாய் மூடிக்கொண்டது. கடையில் இருந்த ஆறு பையன்களில் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். அண்ணனுக்குச் சர்க்கரை வந்தது. மாடியை வாடகைக்கு விட்டார்கள்.

மதினிக்கு, அண்ணன் பெண்சாதிக்கு, வீட்டின்மேல் சந்தேகம் விழுந்தது அப்போதுதான். இந்த வீட்டில் காலெடுத்து வைத்ததிலிருந்து இறங்குமுகம் என்றாள். சபைக்குத் தெரியாமல் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டி வந்து, அவர் சொன்னபடி சமையல்கட்டை இடித்துத் திருப்பினாள். அது சரிப்படவில்லை என்று மறுபடியும் இடித்தாள். கடைசியில் விற்றுவிட வேண்டியதுதான் என்று பிடிவாதமாக நின்றாள். அண்ணனுக்கு விற்க மனசில்லை. எனக்கோ அதைக் கேட்கவே பொறுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் மதினியை வாசலுக்குக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்தக் கல்லைக் காட்டுவேன்.

"பாருங்க மதினி. கர்த்தருடைய வாக்கு தலைக்கு மேல இருக்கு. இந்த வீட்டை என்ன அண்டும்? நான் சொல்றேன், இதுல ஒரு குறையும் கெடையாது."

மதினியிடம் என் வாய்க்கு ஒரு மதிப்பு உண்டு, வேதம் படித்தவள் என்று. கல்லைப் பார்ப்பாள், கொஞ்சம் தெளிவாள். இப்படியே ரெண்டு வருஷம் அந்த வீட்டை விற்கவிடாமல் நிறுத்தி வைத்தது நான் காட்டிய அந்தக் கல்தான். ஆனாலும் ஒரு நாள் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் வந்து வீட்டைப் பார்த்தார். திங்கட்கிழமை அட்வான்ஸோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. வாசிக்க வேண்டியவர் வரவில்லை. மணி அடித்துக்கொண்டிருக்கும்போது சபையில் எடுபிடி வேலை பார்க்கிற கோயில் பிள்ளை ஓடி வந்து, "டீச்சர், பழைய ஏற்பாட்டுப் பாடம் நீங்க வாசிச்சுருங்க" என்று ஒரு துண்டுச் சீட்டைக் கையில் திணித்தார். எண்ணைப் பார்த்தேன். எங்கோ பார்த்த எண்ணாக இருந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை. எழுந்து போனேன், புத்தகத்தைத் திறந்தேன், தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

தீரு என்கிற நகரத்தைப் பற்றிய அதிகாரம். கடலோரத்தில் இருந்த பழைய வியாபாரப் பட்டணம், ஊர் உலகத்துக்கெல்லாம் சரக்கு விற்று வாழ்ந்தது. காசு சேரச் சேரத் தலைக்கனம் ஏறி, என்னைப்போல் அழகு உண்டா என்று கேட்டுக்கொண்டு இருந்தது. அந்த நகரம் முழுகப்போகிறது, அதற்கு ஒப்பாரி பாடு என்று கடவுள் ஒரு யூதத் தீர்க்கதரிசியிடம் சொல்கிறார். அவரும் பாடுகிறார். அந்த ஊர் நன்றாக இருக்கும்போதே, சந்தை கூடிக்கொண்டிருக்கும்போதே பாடுகிற ஒப்பாரி அது.

மூன்றாவது வசனத்தை வாசித்துக்கொண்டே, என் வழக்கப்படி கண்ணை அடுத்த வரிக்கு ஓட்டினேன். அங்கே இருந்தது அண்ணன் வீட்டுக் கல்.

எழுத்துக்கு எழுத்து அதே வரி. பொன் வர்ணம் மட்டும்தான் இல்லை. புத்தகம் வைத்திருந்த ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷமாக ஒரு சாவு வீட்டுப் பாட்டை என் அண்ணன் தலைக்கு மேலே பதித்து வைத்திருக்கிறேன். எத்தனை தடவை அவன் பெண்சாதியைக் கையைப் பிடித்து இழுத்துப் போய் அதைக் காட்டியிருக்கிறேன். நிமிர்ந்து பார்த்தேன். மூன்றாவது பெஞ்சில் மதினி கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அண்ணன் மடியில் வேதத்தை விரித்து, விரல் வைத்துத் தொடர்ந்துகொண்டிருந்தான்.

நான் அந்த வரியை விட்டுவிட்டேன்.

ஒரு சொல் தடுக்கினால் முகம் சுளிக்கிறவள், வேதத்தில் ஒரு முழு வரியை விழுங்கிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது. போதகர் ஐயா லேசாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். அண்ணனுடைய விரல் நின்றுவிட்டது. மேலே வாசிக்க வாசிக்க இன்னும் மோசமாகப் போனது. அந்தப் பட்டணத்தை ஒரு கப்பலாகச் சொல்லி, எந்த மலையிலிருந்து மரம் வந்தது, எந்தத் தீவிலிருந்து தந்தம் வந்தது, எந்த நாட்டிலிருந்து பாய்க்குத் துணி வந்தது என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போடுகிறார் தீர்க்கதரிசி. எனக்கு பர்மா தேக்கும் ராஜஸ்தான் கல்லும் கண்முன்னால் வந்து நின்றன. கடைசியில் நடுக்கடலில் காற்று அடித்து, கப்பல் சரக்கோடும் ஆட்களோடும் முழுகுகிறது. கரையில் நிற்கிறவர்கள் தலையில் புழுதியை வாரிப் போட்டுக்கொண்டு அழுகிறார்கள். எப்படி வாசித்து முடித்தேன் என்று தெரியவில்லை. வந்து உட்கார்ந்தபோது சேலை முதுகோடு ஒட்டியிருந்தது.

வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் அண்ணன் பக்கத்தில் வந்தான்.

"ஒரு வரிய முழுங்கிட்டியே, டீச்சரம்மா."

"கண்ணாடி மாத்தணும்ணே. வரி தாண்டிருச்சு" என்றேன். அண்ணன் "சாப்பாட்டுக்கு வந்துரு" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அன்றைக்கு அந்த வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நுழைந்தேன். மதினி சோறு போட்டு, கறிக்குழம்பு ஊற்றிவிட்டு, எதிரே உட்கார்ந்தாள்.

"நாளைக்கு அந்த ஆளு வாராரு. கடைசியா உங்கிட்ட ஒருவாட்டி கேக்குறேன். நீ சொன்னா கேட்டுக்கிறேன். இந்த வீட்டுல ஒரு குறையும் இல்லையா?"

வழக்கமாக இந்தக் கேள்விக்கு நான் சாப்பாட்டிலிருந்தே எழுந்துவிடுவேன், கல்லைக் காட்ட. அன்றைக்கு எழுந்திருக்கவில்லை. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு அண்ணனுக்குத் தங்கும். உண்மையைச் சொன்னால் வீடும் போகும், இந்த வீட்டில் எனக்கு இருக்கிற மதிப்பும் போகும். அண்ணன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதினி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், பிள்ளை மார்க் கேட்கிறமாதிரி.

சொல்லிவிட்டேன். தடிப் புத்தகத்தில் பாதி வரி எடுத்தது, அதிகாரத்தைத் திறக்காதது, காலையில் விழுங்கியது எல்லாவற்றையும் சொன்னேன். மதினியின் கையில் கரண்டி அப்படியே நின்றது. பிறகு எழுந்து போய் வேதத்தை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள்.

"வாசி. விட்ட வரியோட வாசி."

எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து வாசித்தேன். கணீரென்று இல்லை, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த பிள்ளை வாசிக்கிறமாதிரி. முடிந்ததும் மதினி கத்துவாள், அழுவாள் என்று நினைத்தேன். ரெண்டும் செய்யவில்லை.

"அம்புட்டு வருசத்துல ஒருவாட்டிகூட நீ இதத் தொறந்து பாக்கலையா?" என்றாள். "நீயா?"

அந்த 'நீயா'தான் சுட்டது. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அப்போது அண்ணன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேசினான். "எனக்குத் தெரியும்."

எங்கள் ரெண்டு பேருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

"கல்லு செதுக்கையிலயே தெரியும். வசனத்த முடிச்சுட்டு, எண்ணு சரியான்னு கல்லு செதுக்குறவரு கேட்டாரு. தொறந்து பாத்தேன்" என்றான். "அப்ப ஓடுன ஓட்டத்துல எனக்கு அது ஒண்ணும் உறைக்கல. என் வீட்ட எந்தக் காத்து சாய்க்கப் போவுதுன்னு சிரிச்சுட்டுப் பதிச்சேன். கடை படுத்தப்பறம்தான் பயமா இருந்துச்சு. அப்ப எந்த மொகத்த வச்சுக்கிட்டுச் சொல்றது?"

மதினி அவனை ஒரு பார்வை பார்த்தாள். "ரெண்டுவாட்டி அடுப்படிய இடிச்சேன். அப்பவும் பாத்துக்கிட்டுத்தான இருந்தீக?" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவு பர்மா தேக்கு, சத்தம் வீடெல்லாம் கேட்டது.

மறுநாள் வியாபாரி அட்வான்ஸ் கொடுத்தார். மதினி அவரிடம் போட்ட ஒரே நிபந்தனை, வாசல் கல்லைக் கழற்றிவிட்டுத்தான் வீட்டை ஒப்படைப்போம் என்பது. "ஏனுங்க, கல்லு நல்லாத்தானுங்களே இருக்குது?" என்று அவர் கேட்டாராம். வருகிறவர்கள் தலையில் அதைக் கட்ட மாட்டேன் என்று என்னிடம் சொன்னாள். அதுதான் அந்த மாசம் முழுக்க மதினி என்னிடம் பேசிய ஒரே பேச்சு.

கல்லை நான் கேட்டு வாங்கி வந்தேன். கோயிலுக்குப் புறப்படும்போது நான் முகம் பார்க்கிற கண்ணாடிக்குக் கீழே சுவரோரமாகச் சாய்த்து வைத்தேன். கீழே இருந்த அந்த மொட்டை இடம் உறுத்திக்கொண்டே இருந்தது. அதிகாரமும் எண்ணும் இல்லாமல் அது இன்னும் பாதி வரிதான். அன்றைக்குச் செதுக்கியவரையே தேடிப் பிடித்து வரச் சொன்னேன். தலை நரைத்துப்போயிருந்தார். வீட்டுக்கு வந்து, கல்லைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

"அன்னைக்கே செதுக்கியிருப்பேம்மா. எண்ணு வரைக்கும் அளவு போட்டுட்டேன். மொதலாளிதான் உளியப் புடிச்சுக்கிட்டாரு."

"தெரியும். அவருக்கு அப்ப எல்லாம் வெளையாட்டு" என்றேன்.

"வெளையாட்டா?" என்றார் அவர், உளியைத் துணியால் துடைத்துக்கொண்டே. "வேற கல்லு செஞ்சு தாரேன், வேற வசனம் குடுங்கன்னேன். கேக்கல. என் தங்கச்சி ஆசையா எழுதிக் குடுத்தது, மாத்துனா மொகம் வாடிப்போகும்னாரு. அப்ப எண்ணயாவது போட்டுக்கிறேன்னேன். எண்ணப் போட்டா எவனாச்சும் பொரட்டிப் பாப்பான், அப்பறம் தங்கச்சி வாசிக்கப் போற எடத்துலயெல்லாம் சிரிப்பாங்க, வேணாம், எடம் பத்தலன்னு சொல்லிக்கிறேன்னு சொன்னாரு. ஒரு பத்து எழுத்தும்மா. அதுக்கும் சேத்துத்தான் கூலி குடுத்தாரு."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நிச்சயதார்த்தத்தில் என்னோடு சேர்ந்து சிரித்த அவன் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அவர் தரையில் கோணியை விரித்து, கல்லைப் படுக்க வைத்து, முதல் எழுத்துக்குக் கோடு போட்டார். கூலி எவ்வளவு என்று கேட்டேன். அதுதான் அன்னைக்கே வாங்கிட்டேனே என்றார்.